பாலம் அதிர்கிறது என்றால் பழுது என்று அர்த்தமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். ஊருக்குப் பக்கத்திலுள்ள ஆற்றுப் பாலத்தில் நடந்து போகிறீர்கள். லாரி கடக்கும்போது காலடியில் தளம் அதிர்கிறது. முன்பு இவ்வளவு அதிரவில்லை என்று தோன்றுகிறது. போனில் ஒரு செயலியை இறக்கி அளந்தீர்கள்; 4.1 ஹெர்ட்ஸ் என்று காட்டியது. இந்த எண்ணை வைத்துப் பாலத்துக்குள் விரிசல் இருக்கிறதா என்று சொல்ல முடியுமா என்பது நீங்கள் கேட்டது. இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அதிர்வதே ஆபத்தின் அடையாளமா என்பது ஒன்று. அதிர்வை அளந்து, கண்ணுக்குத் தெரியாத பழுதைக் கண்டுபிடிக்க முடியுமா என்பது இன்னொன்று. முதலாவதற்குச் சட்டென்று பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு, இருபது ஆண்டுகளுக்கு மேல் பாலங்களிலும் தொழிற்சாலைக் கட்டடங்களிலும் அதிர்வை அளக்கும் முடுக்கமானிகளை ஒட்டிக்கொண்டு திரிந்த பிறகும் என்னிடம் ஒரு வரிப் பதில் இல்லை.

அதிராத பாலம் என்று ஒன்று கிடையாது. தூணுக்குத் தூண் உள்ள நீளத்தை மீட்டரில் எடுத்து, 100ஐ அதால் வகுத்தால் சாதாரணச் சாலைப் பாலத்தின் அதிர்வெண் தோராயமாகக் கிடைக்கும். 25 மீட்டர் என்றால் 4 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு நான்கு முறை மேலும் கீழும். உங்கள் 4.1 அந்த வகையில் மிகச் சாதாரணமான எண். எவ்வளவு அதிர்கிறது என்பதற்கும் எவ்வளவு பழுதாகியிருக்கிறது என்பதற்கும் நேரடி உறவு இல்லை. லண்டனின் மில்லேனியம் நடைபாலம் 2000 ஜூன் 10 அன்று திறக்கப்பட்டு, மக்கள் நடந்த நடையில் பக்கவாட்டில் ஆடி, இரண்டே நாளில் மூடப்பட்டது. அதில் பழுது ஏதும் இல்லை. ஆட்டத்தைத் தணிக்கும் கருவிகளைப் பொருத்தி 2002இல் மீண்டும் திறந்தார்கள். இதற்கு நேர்மாறாக வேல்ஸ் நாட்டில் இனிஸ்-இ-குவாஸ் என்ற சிறிய கான்கிரீட் பாலம் 1985 டிசம்பரில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஆற்றில் விழுந்தது. கான்கிரீட்டை இறுக்கிப் பிடிப்பதற்காக உள்ளே இழுத்துக் கட்டியிருந்த இழுவிசைக் கம்பிகள் துருவால் அரிக்கப்பட்டிருந்தன. அது நடுங்கிக் காட்டவில்லை, வளைந்தும் காட்டவில்லை.

முன்பைவிட அதிகம் அதிர்கிறது என்று தோன்றினால் நான் முதலில் பார்ப்பது பாலத்தை அல்ல, சாலையை. பாலமும் சாலையும் சேருமிடத்தில் இரும்புப் பட்டை பெயர்ந்து ஒரு மேடு உண்டானால் போதும். லாரி அதில் ஏறிக் குதிக்கும். பாரம் ஏற்றிய லாரி தன் ஸ்பிரிங்கின்மேல் ஆடும் வேகமும் நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறைதான். அது பாலத்தின் சொந்த வேகத்தோடு ஒத்துப்போகும்போது, ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல் ஆட்டம் கூடும். பாலம் அப்படியேதான் இருக்கும்; மாறியது அதன் வாசற்படி.

இனி இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மண்பானை வாங்கும்போது அதை விரலால் சுண்டிப் பார்க்கிறோம். கீறல் இல்லாத பானை கணீரென்று ஒலிக்கும், கீறல் விழுந்தது பொத்தென்று சொல்லும். ரயில் நிலையங்களில் ஒரு காலத்தில் சக்கரங்களை நீண்ட சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார்களே, அதுவும் இதே வித்தைதான். ஒரு பொருளின் இயல் அதிர்வெண்ணை இரண்டு விஷயங்கள் தீர்மானிக்கின்றன: அது எவ்வளவு விறைப்பாக இருக்கிறது, எவ்வளவு கனமாக இருக்கிறது. விறைப்பை நிறையால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் அதிர்வெண் அதற்கேற்ப ஏறி இறங்கும். விரிசல் விழுந்தால் விறைப்பு குறையும். விறைப்பு குறைந்தால் அதிர்வெண் இறங்கும். இந்த அளவுக்குச் சந்தேகமே இல்லை, இயற்பியல் உறுதியாகச் சொல்கிறது. வர்க்கமூலம் இடையில் இருப்பதால், மொத்த விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 5 சதவீதம்தான் குறையும்.

ஆனால் பானை உவமையை நம்பி ரொம்ப தூரம் போக முடியாது. பொத்தென்ற ஒலியில் நம் காது பிடிப்பது சுருதி இறங்கியதை மட்டும் அல்ல; கீறலின் இரு முகங்களும் உரசி ஒலியைச் சீக்கிரம் அடக்கிவிடுவதையும்தான். இந்த அடங்கும் வேகத்தைத் தணிப்பு என்கிறோம். பாலத்தில் தணிப்பை அளந்தால், ஒரே நாளில் எடுத்த இரண்டு பதிவுகளே ஒத்துப்போகாது. வாகனம், மண், தாங்கிகள் எல்லாம் அதில் கைவைக்கும். அதை வைத்துப் பழுதைத் தீர்மானிக்க நான் துணிந்ததில்லை. பானையில் இன்னொரு வசதியும் உண்டு. அது சிறியது, கீறல் அதன் உடம்பில் பெரும்பங்கு. 25 மீட்டர் உத்திரத்தில் ஒரு கை நீள விரிசல் என்பது அப்படி அல்ல. முழுநீளத்தின் அசைவில் அது ஒரு துளி.

இது எவ்வளவு சிறிய துளி என்பதை அமெரிக்காவில் ஒரு பாலத்தை வெட்டியே பார்த்தார்கள். நியூ மெக்சிகோ மாநிலம் ஆல்புகர்க்கியில் ரியோ கிராண்டே ஆற்றின்மேல் ஐ-40 நெடுஞ்சாலைப் பாலம் இடிக்கப்பட இருந்தது. 1993இல், இடிப்பதற்கு முன், லாஸ் அலமோஸ் தேசிய ஆய்வகத்தினர் அதைச் சோதனைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஏறத்தாழ 3 மீட்டர் உயரமுள்ள இரண்டே இரும்பு உத்திரங்கள் தாங்கும் பாலம் அது. ஒன்று போனால் மற்றதுதான் கதி. அந்த இரண்டில் ஒன்றை நான்கு கட்டமாக வெட்டினார்கள். முதலில், உத்திரத்தின் மேல்பட்டையையும் அடிப்பட்டையையும் இணைக்கும் செங்குத்தான நடுத்தகட்டில் இரண்டடி நீளத்துக்கு ஒரு வெட்டு. பிறகு அதை அடிவரை நீட்டினார்கள். மூன்றாவதாக அடிப்பட்டையில் பாதி. கடைசியில் அடிப்பட்டை முழுவதும். ஒரு பாலத்துக்குப் பல இயல் அதிர்வெண்கள் உண்டு; அவற்றில் மிகக் குறைந்ததை முதல் அதிர்வெண் என்கிறோம். வெட்டுவதற்கு முன் அது 2.48 ஹெர்ட்ஸ். முதல் வெட்டுக்குப் பிறகு 2.52. இரண்டாவதற்குப் பிறகும் 2.52. மூன்றாவதில் 2.46. நான்காவதில்தான் 2.30க்கு இறங்கியது. இரும்பை வெட்டினால் அது வலுப்பெறாது. ஆகவே முதலில் ஏறிய அந்த 0.04 பாலத்தின் சேதி அல்ல, சூழலின் சேதி. உத்திரத்தின் அடிப்பட்டை பாதி அறுந்த நிலையிலும் அந்த எண் பழைய மதிப்பை விட்டு நகரவில்லை என்றே சொல்ல வேண்டும். ஓர் ஆரோக்கியமான மனிதர் அந்தப் பாலத்தின் கீழே நின்று தலையைத் தூக்கிப் பார்த்திருந்தால் இரண்டாவது கட்டத்திலேயே கத்தியிருப்பார். என்னிடம் பயிற்சிக்கு வரும் இளம் பொறியாளர்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்த ஐந்து எண்களைத்தான்.

ஏன் அப்படி? வளைவை எதிர்ப்பதில் பெரும்பங்கு மேல்பட்டைக்கும் அடிப்பட்டைக்கும் உரியது. நடுத்தகட்டுக்குப் பங்கு குறைவு. அதனால் நடுத்தகட்டில் வெட்டினால் அதிர்வெண் அவ்வளவாக அலட்டிக்கொள்ளாது.

சூழலின் சேதி என்றேனே, இந்தத் துறையின் உண்மையான தலைவலி அங்கேதான் இருக்கிறது. அதே நியூ மெக்சிகோவில் அலமோசா கேன்யன் பாலத்தை ஒரு முழு நாள் விடாமல் அளந்தபோது, காலை முதல் இரவு வரை வெயில் ஏறி இறங்கியதிலேயே முதல் அதிர்வெண் ஏறத்தாழ 5 சதவீதம் மாறியது. பழுது எதுவும் இல்லாமல். மேலே சொன்ன ஐ-40 பாலத்தில் உத்திரத்தின் அடிப்பட்டையை முழுதாக அறுத்ததற்குக் கிடைத்ததே 7 சதவீதம்தான் என்பதை இதோடு சேர்த்துப் படியுங்கள்.

இதை முறையாக ஆராய்ந்தது சுவிட்சர்லாந்தின் இசட்-24 பாலத்தில். பெர்ன்–சூரிச் நெடுஞ்சாலைக்கு மேலே குறுக்காகப் போன கான்கிரீட் பாலம். நடுவில் 30 மீட்டர், இருபுறமும் 14 மீட்டர். பக்கத்தில் புதிய ரயில் பாதை வர இருந்ததால் 1998 இறுதியில் அதை இடித்தாக வேண்டியிருந்தது. அதற்கு முன் 1997 நவம்பர் தொடங்கி ஏறக்குறைய ஓர் ஆண்டு அதன் அதிர்வையும் வெப்பநிலையையும் இடைவிடாமல் பதிவு செய்தார்கள். அந்தக் காலத்தில் முதல் நான்கு அதிர்வெண்களும் 14 முதல் 18 சதவீதம் வரை அலைந்தன. காரணம் குளிர். வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் மேலே போட்டிருந்த தார் இறுகிக் கல்லாகிவிட்டது. பாலத்துக்கு ஒரு கூடுதல் தளம் கிடைத்ததுபோல் விறைப்பு ஏறியது. பூஜ்ஜியத்துக்கு மேலே ஒரு சாய்வு, கீழே வேறொரு சாய்வு என்று வரைபடமே முழங்கை போல் மடங்கியது. கடைசி மாதத்தில் வேண்டுமென்றே பழுதுகளை உண்டாக்கினார்கள். ஒரு தூணைக் கொஞ்சம் கொஞ்சமாக 95 மில்லிமீட்டர் வரை இறக்கினார்கள், கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், கடைசியில் இழுவிசைக் கம்பிகளையே அறுத்தார்கள். வெப்பநிலையின் பங்கைக் கணக்கிட்டுக் கழித்த பிறகு தூண் இறங்கியது பதிவில் தெரிந்தது. கழிக்காமல் வெறும் எண்ணை மட்டும் பார்த்திருந்தால், அது ஒரு குளிர்காலத்தின் ஏற்ற இறக்கத்துக்குள் அமுங்கிப் போயிருக்கும்.

நமக்குப் பனி கிடையாது, ஆனால் எனக்கும் தார் ஒருமுறை பாடம் சொல்லிக்கொடுத்தது. ஒரு பாலத்தில் இரண்டு ஆண்டு இடைவெளியில் அளந்தேன். அதிர்வெண் 4 சதவீதம் இறங்கியிருந்தது. அறிக்கையில் எச்சரிக்கை எழுதத் தொடங்கிவிட்டேன். கூட வந்த உதவியாளர்தான், கைப்பிடிச் சுவர் போன முறை இன்னும் உயரமாக இருந்ததே என்றார். இடையில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன்மேலேயே புதிய தார் போட்டிருக்கிறார்கள். 5 சென்டிமீட்டர் தார் என்றால் சதுர மீட்டருக்கு நூறு கிலோவுக்கு மேல். விறைப்பு குறையவில்லை, நிறை கூடியிருக்கிறது. அன்றிலிருந்து கருவிப் பெட்டியில் ஒரு டேப்பும் வைத்துக்கொண்டு, கைப்பிடிச் சுவரின் உயரத்தை அளந்த பிறகே வேலையைத் தொடங்குகிறேன்.

பழுது எப்போதும் அதிர்வெண்ணைக் குறைக்கும் என்பதும் சரியல்ல. தூணுக்கும் உத்திரத்துக்கும் இடையிலுள்ள பேரிங்கு துருப்பிடித்து இறுகிவிட்டால், நகர வேண்டிய முனை நகராமல் பாலம் இன்னும் விறைப்பாகும், அதிர்வெண் ஏறும். எண் ஏறியதைப் பார்த்துப் பாலம் வலுவாகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தால், பகலில் விரிய இடமில்லாத உத்திரம் தூணின் தலையைப் பிளந்துவிடும். இழுவிசை கொடுத்த கான்கிரீட்டில் வேறொரு சங்கடம். உள்ளே கம்பிகள் பாதி அறுந்தாலும், மீதி இருக்கும் அழுத்தம் விரிசலை மூடியே வைத்திருக்கும் வரை அதிர்வுக்கு அது முழுப் பாலம்தான். இனிஸ்-இ-குவாஸ் பாலத்தில் முடுக்கமானி வைத்திருந்தால் காப்பாற்றியிருக்குமா என்று யாராவது கேட்டால், இல்லை என்றே நினைக்கிறேன் என்பேன். மேற்கு வர்ஜீனியாவின் சில்வர் பாலம் 1967 டிசம்பர் 15 அன்று விழுந்து 46 பேர் இறந்ததற்குக் காரணம், சங்கிலியின் ஒரே ஒரு கண்ணியில் இருந்த சுமார் 2.5 மில்லிமீட்டர் ஆழ விரிசல். அதை எந்த அதிர்வும் சொல்லாது. அங்கே உறுதியாகவே சொல்கிறேன். மின்னியாபோலிஸில் 2007இல் 13 பேரைப் பலிகொண்ட பாலத்தில் இணைப்புத் தகடுகளை வடிவமைப்பிலேயே போதுமான தடிமன் இல்லாமல் போட்டிருந்தார்கள். முதல் நாளிலிருந்தே குறையோடு பிறந்த பாலத்தை அதன் பழைய பதிவோடு ஒப்பிட்டால், எதுவும் மாறவில்லை என்றுதான் வரும்.

இவ்வளவையும் படித்துவிட்டு இந்த முறையே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். சில இடங்களில் இது அருமையாக வேலை செய்கிறது. கம்பிகளால் தொங்கும் பாலங்களில் ஒவ்வொரு கம்பியும் வீணைத் தந்தி மாதிரிதான். நீளமும் எடையும் தெரிந்தால், அதிர்வெண்ணிலிருந்து இழுவிசையை நேரடியாகக் கணக்கிடலாம். இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், அதிர்வெண் 1 சதவீதம் இறங்கினால் இழுவிசை ஏறத்தாழ 2 சதவீதம் இறங்கியிருக்கிறது என்று அர்த்தம். இதை நான் தயக்கமில்லாமல் எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

இன்னொன்று ஆற்றுத் தூண்கள். ஜப்பானிய ரயில்வேயில் பல பத்தாண்டுகளாக ஒரு வழக்கம் உண்டு: ஏறத்தாழ 30 கிலோ இரும்புக் குண்டைக் கயிற்றில் தொங்கவிட்டுத் தூணின் தலையில் மோதி, அது எப்படி அதிர்கிறது என்று அளப்பார்கள். வெள்ளத்தில் அடித்தளத்தைச் சுற்றிய மண் அரிக்கப்பட்டிருந்தால் தூணின் பிடிமானம் தளர்ந்து அதிர்வெண் தெளிவாக இறங்கும். வெள்ளம் வடிந்ததும் ரயிலை விடலாமா என்று முடிவெடுக்க இது உதவுகிறது. இங்கே இது வெற்றி பெறுவதற்குக் காரணம், பழுது ஒரு துளியாக இல்லாமல் தூணின் காலையே பிடித்து ஆட்டுவதுதான். மணல் இறங்கிக்கொண்டே போகும் நம் ஆறுகளில் இந்தச் சோதனை ஏன் வழக்கத்துக்கு வரவில்லை என்று எனக்கு நெடுநாள் ஆதங்கம். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் வெள்ளத்தில் சரிந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நல்லவேளையாக அப்போது அதில் போக்குவரத்து இல்லை.

அதிர்வு சொன்னதை வைத்து என்ன செய்கிறோம் என்பது தனிக் கதை. இத்தாலியில் ஜெனோவா நகரின் மொராண்டி பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று விழுந்து 43 பேர் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு மிலான் பாலிடெக்னிக் குழு அதன் இழுகால்களின், அதாவது தூணின் உச்சியிலிருந்து சாய்வாக இறங்கித் தளத்தைத் தாங்கும் உறுப்புகளின், அதிர்வை அளந்திருந்தது. பின்னாளில் விழுந்த அதே 9ஆம் தூணின் இழுகால்கள் அதிரும் வடிவம் எதிர்பார்த்தபடி இல்லை, மேலும் ஆராய வேண்டும் என்று அறிக்கையில் எழுதியும் இருந்தார்கள். விழப்போகிறது என்று அதிர்வு சொல்லவில்லை. ஏதோ சரியில்லை, கிட்டே போய்ப் பார் என்றது. இந்த முறையால் நேர்மையாகச் சொல்ல முடிந்தது அவ்வளவுதான்.

எங்கள் துறையில் 1993இல் ரிட்டர் என்பவர் வகுத்த நான்கு படிகளைச் சொல்வது வழக்கம்: பழுது இருக்கிறதா, எங்கே, எவ்வளவு, இன்னும் எத்தனை நாள். முதல் படியில், நல்ல பழைய பதிவும் வெப்பநிலைக் கணக்கும் இருந்தால், கால் ஊன்றி நிற்கலாம். எங்கே என்பதற்குப் பல இடங்களில் முடுக்கமானி வைத்து, பாலம் வளையும் வடிவத்தை வரைந்து ஒப்பிட வேண்டும். ஆய்வகத்து உத்திரத்தில் அழகாக வரும், வெளியே பாதி நாள் இரைச்சலில் கரைந்துவிடும். எவ்வளவு என்பது கணினி மாதிரியை நம்பியது, அந்த மாதிரியோ நாம் கொடுத்த ஊகங்களை நம்பியது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று அதிர்வை மட்டும் வைத்து யாராவது சொன்னால், பணத்தைக் கையில் எடுக்காதீர்கள். செயற்கை நுண்ணறிவு இதையெல்லாம் தீர்த்துவிடும் என்று விற்க வருகிறவர்களிடம் நான் ஒன்றே ஒன்று கேட்பேன்: பழுதான பாலங்களின் எத்தனை பதிவுகளைக் காட்டி அதற்குக் கற்றுக்கொடுத்தீர்கள்? பாலத்தை வெட்டிப் பார்க்க அனுமதிக்கும் நாடுகள் மிகச் சில.

உங்கள் போனுக்கு வருகிறேன். அதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தைக் கடந்த கார்களில் இருந்த போன்களின் பதிவுகளைத் திரட்டியே அந்தப் பாலத்தின் அதிர்வெண்களைக் கண்டுபிடித்துக் காட்டியது அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழு. 2022இல் அது வெளியானது. லாரி கடக்கும் அதிர்வைப் பதிவு செய்ய உங்கள் கருவியே போதும். ஆனால் நீங்கள் பார்த்த 4.1 எப்போது வந்தது? லாரி பாலத்தின்மேல் இருக்கும்போது என்றால் அது பாலத்தின் அதிர்வெண் அல்ல, பாலமும் லாரியும் சேர்ந்த அதிர்வெண். லாரி இறங்கிய பிறகு பாலம் தனியாக ஆடி அடங்கும் அந்தச் சில நொடிகள்தான் உங்களுக்கு வேண்டும். அப்படிப் பல லாரிகள் கடந்துபோக, குறைந்தது பத்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வெயில் ஏறாத அதிகாலையில், ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், தேதியும் வெப்பநிலையும் குறித்துக்கொண்டு, மாதம் ஒருமுறை எடுத்து வந்தால் ஓர் ஆண்டில் உங்கள் பாலத்தின் குணம் பிடிபடும். ஒரே நாளில் எடுத்த ஒற்றை எண்ணால் எதுவும் சொல்ல முடியாது, அது எனக்கும் அப்படித்தான்.

அந்த ஓர் ஆண்டு வரை சும்மா இருக்கவும் வேண்டாம். ஆற்றில் நீர் வற்றியிருக்கும்போது கரையில் நின்று பாருங்கள். தூணின் அடித்தளக் கான்கிரீட் மணலுக்கு மேலே எட்டிப்பார்க்கிறதா, உத்திரத்தின் அடியில் துருக்கறை வழிந்திருக்கிறதா, பேரிங்கு நசுங்கி ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறதா, கைப்பிடிச் சுவரின் நேர்க்கோடு எங்காவது முறிகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து நெடுஞ்சாலைத் துறைக்கு எழுதுங்கள். இந்த நான்கில் ஒன்று இருந்தாலும் என் கணக்கில் அது உங்கள் 4.1ஐவிடப் பெரிய செய்தி. பதிவு எடுக்கும்போது நடைபாதையை விட்டு இறங்காதீர்கள். போனைக் கையில் பிடித்துக்கொள்ளாமல் தளத்தில் படுக்க வையுங்கள். கையில் பிடித்தால் அது அளப்பது உங்கள் கை நடுக்கத்தை.